சண்டைக்கு ஒரு பாஷை

“தொலைஞ்சு போ! உன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு வேலை ஓட மாட்டேங்குது.”

அவள் வேலையிலிருந்து திரும்பி, வாசலில் ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றக் குனிந்திருந்தபோது உள்ளறையிலிருந்து இந்தக் குரல் வந்தது. மகளின் குரல். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. கட்டிலில் முட்டி போட்டு உட்கார்ந்து, எதிரே தலையணையில் சாய்த்து வைத்திருந்த துணிப் பொம்மையிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “சொல்றேன்ல? வாயத் திறக்காத. திறந்தன்னா பாரு.” கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி, பேச்சு முடியும் இடத்தில் தாடையை இறுக்கிக்கொள்ளும் அந்த விதம் அச்சு அசல் அப்பாவுடையது. பொம்மை கேட்டுக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டிக்குக் கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. பொம்மையை எடுத்துத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். தட்டிக்கொண்டே வேறு குரலில், தணிந்து, இழுத்து, ஏதோ சொல்லத் தொடங்கினாள். அது தமிழ் இல்லை. அப்பா வீட்டுப் பேச்சு. தூங்கு, என் கண்ணே, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்கிற மாதிரியான வார்த்தைகள். அத்தை அவளைத் தூங்க வைக்கும்போது சொல்பவை.

அவள் குனிந்தபடியே நின்றாள். மணிக்கட்டில் காய்ந்திருந்த பிளாஸ்டர் தூள் செருப்பின் மேல் உதிர்ந்தது. குழந்தை அம்மாவின் மொழியில் திட்டுகிறது, அப்பாவின் மொழியில் கொஞ்சுகிறது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை இது. வீட்டில் காதில் விழுந்ததை எல்லாம் அது தானாகவே பிரித்து, இதற்கு இந்த டப்பா, அதற்கு அந்த டப்பா என்று போட்டு வைத்திருக்கிறது.

முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால்களில் இருந்த அசதி மெல்ல மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தது போலத்தான் இருந்தது. நாளைக்கு முதலாளியம்மாவிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று அப்போது முடிவு செய்தாள்.

அவளுக்கு வேலை ஒரு பல் லேபில். டாக்டர்கள் அனுப்பிவைக்கும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பது, அந்தத் தாடையின் மேல் மெழுகில் கரை கட்டுவது, கரையில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பது. முகத்தைப் பார்த்தே இராத யாரோ ஒருவர் நாளை எப்படிச் சிரிக்கப் போகிறார் என்பது அவள் கையில் இருந்தது. முன்பற்களை அணிவகுப்பு போல நேராக வைத்துவிட்டால் பொய்யாகத் தெரியும். ஒன்றைச் சற்றே திருப்பி வைக்க வேண்டும். அந்தத் திருப்பம் அவளுக்கு நன்றாக வந்தது. முதலாளியம்மா இன்னொரு ஊரில் கிளை திறக்கப் போகிறார். பொறுப்பாக இருக்க ஆள் வேண்டும். லேபுக்கு மேலேயே ஒரு அறை, சமையலுக்கு இடம், தெருமுனையில் பள்ளிக்கூடம். கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பிடிகொடுக்காமல் இருந்தாள்.

“சரி மேடம், நான் போறேன்” என்று மறுநாள் காலையில் சொன்னாள்.

முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?”

“தொலைஞ்சு போன்னு சொல்லுவார்.”

“அதை எல்லா வீட்டுக்காரரும்தான் சொல்றாங்க. சம்மதம்னு எடுத்துக்கிட்டு எத்தனை பேர் கிளம்பிட்டாங்க?” முதலாளியம்மா சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வேன் போகுது. சாமானெல்லாம் அதுலயே ஏத்திடலாம். வீட்டுல பேசிட்டு வா.”

பேசிவிட்டு வருவதுதான் கஷ்டம்.

அவள் புருஷன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். லேபில் பல்லை மெருகேற்றும் மோட்டார் ஒருநாள் எரிந்துபோனபோது கழற்றிக்கொண்டு போக வந்தான். திரும்ப மாட்டித் தந்தான். அடுத்த வாரம் எதுவும் எரியாமலேயே வந்தான். காதலித்த காலம் முழுக்க அவன் அதிகம் பேசியதில்லை. பக்கத்தில் உட்காருவான், சிரிப்பான், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு செம்புக் கம்பித் துண்டு ஒன்றை விரலில் சுற்றுவான், அவிழ்ப்பான். நல்ல அமைதியான மனிதன் என்று நினைத்தாள். கல்யாணமாகி அவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் தெரிந்தது, அவன் ஒரு வாயாடி. அவனும் அதே வீட்டில் இருந்த அவன் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் வீடு இரண்டுபடும். எல்லாம் அவர்கள் பேச்சில்.

அந்தப் பேச்சுக்கு எழுத்து கிடையாது. அதைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். தமிழ் பேசுகிறவர்கள் அதைக் கேட்டால் தமிழைக் கடித்துத் துப்பியது மாதிரி இருக்கிறது என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு பெரிய மொழிக்காரர்கள் தங்கள் மொழியைத்தான் இவர்கள் கெடுத்து வைத்திருப்பதாகச் சொல்வார்கள். “ரெண்டு பேரும் எங்களுதுதான்னு சொல்றான். ஆனா ஒருத்தனும் வீட்டுக்குள்ள விட மாட்டான்” என்று அவன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான். அது திராவிடக் குடும்பத்திலேயே தனியாகப் பிரிந்து வளர்ந்த மொழி, யாருடைய கிளையும் இல்லை என்று ஒரு பேராசிரியர் ரேடியோவில் சொன்ன அன்று அக்காவும் தம்பியும் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, இதுகூட நமக்குத் தெரியாதா என்பது போல அணைத்துவிட்டார்கள்.

ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். கண், கை, கல், தண்ணீர், இரண்டு, மூன்று எல்லாமே தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி முகஜாடையோடு இருந்தன. ஆனால் பொருள்களின் பெயர்களைத் தாண்டிப் போனால் பிடி வழுக்கியது. கேட்டால் முக்கால்வாசி புரியும். வாயைத் திறந்தால் ஐந்து வயதுப் பிள்ளை பேசுவது போல வரும். சாப்பிட்டாயா, தண்ணீர் வேண்டும், மழை வருகிறது. அவள் அதில் பேச ஆரம்பித்தாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை நடப்பதைப் பார்த்தால் வருவது. ஆனாலும் அவள் மெல்ல மெல்லத் தமிழுக்கே திரும்பிவிட்டாள். அவன் அவர்கள் பேச்சில் கேட்பான், அவள் தமிழில் பதில் சொல்வாள். குடும்பம் நடந்தது.

சண்டை வந்தால் மட்டும் அவன் தமிழுக்கு வந்துவிடுவான்.

அதுதான் அவளைத் தின்றது. அதுவரை தன் மொழியில் இழுத்துப் பேசிக்கொண்டிருப்பவன், கோபம் தலைக்கேறியதும் சட்டென்று தமிழில் இறங்குவான். நல்ல தெளிவான தமிழ். கடைத்தெருவில் கற்றது, கூர் மழுங்காதது. தரித்திரம், சனியன், உன்னைக் கட்டினதுக்கு ஒரு எரிஞ்ச மோட்டாரைக் கட்டிட்டு அழுதிருக்கலாம், நீ இல்லாம இருந்தா இந்த வீடு உருப்படும். தனக்கு ஒரு சொல்கூடத் தப்பாமல் புரிய வேண்டும், குறி தவறாமல் வந்து தைக்க வேண்டும் என்பதற்காகவே மொழியை மாற்றுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். மறுநாள் காலையில் எதுவுமே நடக்காதது போல எழுந்து வந்து, அவர்கள் பேச்சில் குழைந்து டீ கேட்பான். இவ்வளவு மரத்துப்போன மனிதனா என்று அவள் டீயை ஆற்றிக் கொடுப்பாள். அக்காவும் தம்பியும்கூடச் சண்டையென்று வந்தால் தமிழில்தான் கத்திக்கொள்வார்கள். தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மரியாதைக்காகச் செய்கிறார்கள் போல என்று முதலில் எண்ணியது இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருந்தது.

அன்று மாலை அவன் வந்து, கைகால் கழுவி, வார்னிஷ் வாடை அடிக்கிற சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். அண்ணி, அதாவது அவனுடைய அக்கா, குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“முதலாளியம்மா புது ஊருக்கு என்னக் கேட்டாங்க” என்றாள் அவள். “சரின்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை குட்டியக் கூட்டிட்டுக் கிளம்பறேன். அங்கேயே இருக்கப் போறேன்.”

அவன் டம்ளரிலிருந்து தலையை எடுத்தான். “இப்ப எதுக்குச் சண்டைக்கு வர்ற?” தமிழில் கேட்டான்.

“சண்டை இல்லங்க. நெசமாத்தான் சொல்றேன்.”

“போயேன். யாரு கையப் புடிச்சா? போறப்ப அந்த மிக்ஸியையும் தூக்கிட்டுப் போ. நீ போடற சத்தம் போதாதுன்னு அது வேற.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குட்டியும் சிரித்தாள். அவன் முகத்தில் ஒரு நல்ல பதிலைச் சொல்லிவிட்ட திருப்தி. மீதி டீயைக் குடித்துவிட்டு, குட்டியின் பக்கம் திரும்பி, அவர்கள் பேச்சில், இன்று பள்ளிக்கூடத்தில் என்ன வரைந்தாய் என்று கேட்டான். அவள் பேச்சு அங்கேயே தரையில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். “விட மாட்டியா நீ? போய்த் தொலைன்னு நேத்தே சொல்லிட்டேனே” என்றான். அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கி, குட்டியின் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். அவன் பெட்டியைத் தாண்டிப் போய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். “நடுவழியில வெச்சிருக்கா பாரு, கால் தடுக்குது” என்றான். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் லேபில் சீக்கிரம் விட்டார்கள். வீட்டில் அண்ணி மட்டும் இருந்தாள். அண்ணி தலையணை உறை தைப்பவள், ஜன்னலோரம் மிஷின். தைத்து முடித்தவை ஒன்றோடொன்று நூல் அறுபடாமல் கொடியாக அவள் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து நூலை வெட்டிக் கொடுத்தாள். அண்ணிதான் பேச்சை எடுத்தாள். அவர்கள் பேச்சில் நிதானமாக, அவளுக்குப் புரியும்படி இடம் விட்டு விட்டுச் சொன்னாள். அவளுக்குப் புரிந்த அளவில் அது இது:

“நெசமாவே போறியா?”

“ஆமா அண்ணி.”

“பெட்டியப் பார்த்ததும்தான் எனக்கே தோணுச்சு. அவனுக்கு இன்னும் தோணல.”

“எத்தனை தடவ சொல்றது? காதுலயே வாங்க மாட்டேங்கறாரு.”

“நீ எத்தனை தடவ சொன்னாலும் வாங்க மாட்டான். நீ தமிழ்ல சொல்ற.”

“தமிழ்ல சொன்னா என்ன?”

“தமிழ்ல சொன்னா அது சண்டை.”

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். அண்ணி மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொருவர் வீட்டிலும் இருப்பதுதானே என்கிற பாவனையில் சொல்லிக்கொண்டு போனாள். அவர்கள் ஆட்கள் தங்கள் பேச்சில் சண்டை போடுவதில்லை. அதில் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால் கோபம் வந்தால் அடுத்த வீட்டுப் பாஷைக்குப் போய்விட வேண்டும். அங்கே போய் வாய்க்கு வந்தபடி கத்தி, போட்டு உடைத்து, கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்துவிட வேண்டும். அங்கே சொன்னது கணக்கில் வராது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் அப்படித்தான். அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன சித்தி அந்தப் பக்கத்துப் பெரிய மொழியில் சண்டை போடுவாள். எது பக்கத்தில் இருக்கிறதோ அது.

“எங்க பாஷை உங்களுக்குக் குப்பைத்தொட்டியா அண்ணி?”

“சேச்சே. அப்படி யாரும் நெனைச்சதில்ல. கடைத்தெருன்னு நெனைச்சிருப்போம். கடைத்தெருவுல யாரு என்ன கத்தினா என்ன?”

“நான் அந்தக் கடைத்தெருவுலதான் பொறந்தேன்.”

அண்ணி ஒரு உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வருவதற்கான மணியை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, “உனக்குத் தெரியும்னு நெனைச்சோம்” என்றாள்.

“யாரு சொன்னா எனக்கு?”

“யாரும் சொல்லல. எங்களுக்கும் யாரும் சொல்லித் தரலியே. தானா வந்தது.” உறையின் ஓரத்தை நகத்தால் நீவினாள். “எனக்கு ஏன் இந்த வீடுன்னு நீ கேட்டதே இல்ல.”

உண்மைதான். அண்ணி புருஷனை விட்டு வந்தவள் என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை. அடித்திருப்பான், குடித்திருப்பான் என்று தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐஸ் ஃபேக்டரியில வேலை அவனுக்கு. ராத்திரி ஷிப்ட் முடிச்சு, அதுக்கு மேல பகல் ஷிப்டும் பார்த்துட்டு வந்தான். சாப்பாடு ஆகல. எனக்கும் அன்னைக்கு உடம்பு சரியில்ல. ஏதோ ஒண்ணு நான் சொன்னேன். அவன் ஒண்ணு சொன்னான். நீ இனிமே இந்த வீட்டுக்கு வேணாம்னு.” அந்த ஒரு வரியை மட்டும் அண்ணி தமிழில் சொன்னாள். “தமிழ்ல இதவிட நூறு பங்கு கேவலமாச் சொல்லியிருக்கான். நானும் சொல்லியிருக்கேன். அன்னைக்கு அசதியில மாத்த மறந்துட்டான். அவ்வளவுதான். சொன்ன உடனே அவனுக்கும் தெரிஞ்சு போச்சு. வாயப் பொத்திக்கிட்டான். ரெண்டு பேரும் எதையோ கீழ போட்டு உடைச்ச பசங்க மாதிரி நின்னோம்.”

“அப்புறம்?”

“பெரியவங்க உட்கார்ந்தாங்க. சொன்னியான்னு கேட்டாங்க. அசதியில வந்துடுச்சுன்னான். அசதிய யாரு கேட்டா, சொன்னியா இல்லியான்னாங்க. சொன்னேன்னான். முடிஞ்சுது.”

“நீங்களாவது திரும்பிப் போயிருக்கலாமே.”

“போயிருக்கலாம். கூப்பிடவும் வந்தான். போய் என்ன பண்றது? அவன் வாயத் திறக்கறப்பல்லாம் நான் பயப்படணும். அவனும் பயப்படணும். நல்ல மனுஷன்தான்.” அண்ணி மறுபடி சக்கரத்தைச் சுழற்றினாள். மிஷின் ஓடத் தொடங்கியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்: “நான் போறேன்னு உங்க பேச்சுல எப்படி அண்ணி சொல்றது? கடைக்குப் போறது, வேலைக்குப் போறதெல்லாம் தெரியும். இந்த மாதிரிப் போறத எப்படிச் சொல்லணும்?”

“என் வாயால அது வராது” என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல். “சொல்லிக் குடுத்தாலும் சொன்ன மாதிரிதான்.”

அன்று இரவு சமைத்து, பாத்திரம் கழுவி, குட்டியைப் படுக்க வைக்கும்வரை அவள் அண்ணி சொன்னதையே மனதில் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆறுதல் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் வாங்கிய அடி ஒன்றும் நிஜ அடி இல்லை என்றால் மனசு லேசாகத்தானே வேண்டும்? ஆனால் அந்தச் சொற்கள் எல்லாம் போன இடத்திலேயே இருந்தன. தரித்திரம் என்ற சொல் அவள் வயிற்றில் இருந்தது. உருப்படும் என்ற சொல் தோளில் இருந்தது. கணக்கில் வராது என்று அண்ணி சொல்லிவிட்டதால் அவை எழுந்து வேறெங்கும் போகவில்லை. அவன் தன்னை வெறுக்கவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அது இன்னும் களைப்பாக இருந்தது. வெறுத்திருந்தால் விட்டுப் போவது சுலபம். அவன் ஆசையாகப் பேசியதெல்லாம் அவளுக்கு முக்கால்வாசிதான் போய்ச் சேர்ந்தது. திட்டியது மட்டும் முழுசாகச் சேர்ந்தது. பிறந்த மொழியில் யாரோ தன்னிடம் அன்பாக ஒரு வார்த்தை சொல்லி எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தாள். அம்மா இருந்தபோது. அதற்குப் பிறகு லேபில் யாராவது, “மணியாச்சு, சாப்பிட்டியா?” என்று கேட்பதுதான். குட்டிக்கு அதுவும் கிடைக்காது. தன் வாயிலிருந்துகூடக் குழந்தைக்கு இப்போதெல்லாம் தமிழில் வருவது சீக்கிரம், ஷூ எங்கே, ஆட்டாதே என்பவைதான்.

சனிக்கிழமை லேபில் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் பதித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தாள். குழந்தையின் சொற்கள்தான் அவளிடம் இருந்தன. நான், நாளைக்கு, குட்டி, கூட, வேறு வீடு, திரும்ப இல்லை. உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. இதைக் கேட்டால் அவன் சிரிக்கத்தான் போகிறான் என்று தோன்றியது. சிரித்தால் என்ன செய்வது என்பதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

மதியம் அவன் கடைக்குப் போனாள். வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். குனிந்து உள்ளே போக வேண்டியிருந்தது. சுவரோரம் வயிறு திறந்த மோட்டார்கள். கருகிய காயில்கள் ஒரு சாக்கில். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு மோட்டாரின் இரும்பு வளையத்தை வைத்துக்கொண்டு, அதன் உள்பள்ளமான காடிக்குள் காகிதம் சொருகிக் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது, சுற்றுகளை எண்ணும்போது அப்படித்தான். அவளைப் பார்த்ததும், இரு, என்று கையைக் காட்டினான். எண்ணிக்கை தப்பிவிட்டால் அவிழ்த்துத் திரும்பச் சுற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் அந்தச் சுற்றை முடித்துக் கம்பியை முறுக்கிவிட்டு, அவர்கள் பேச்சில், என்ன இந்த நேரத்தில், சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். அவர்கள் பேச்சில். காலையிலிருந்து கட்டி வைத்திருந்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். குரல் உயரவில்லை. நடுவில் ஒரு சொல் தவறாக வந்தது, திருத்திக்கொண்டு சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை.

முதலில் அவன் கை நின்றது. பிறகு, யாரோ கடைக்கு வெளியே இருந்து சொன்னதைப் போல ஷட்டரின் பக்கம் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். மடியிலிருந்த வளையம் சரிந்தது. அதைப் பிடிக்கவில்லை. அது சிமென்ட் தரையில் விழுந்து, எண்ணி எண்ணி இறக்கிய கம்பிகள் காடியிலிருந்து எழுந்து நின்றன.

“யாரு சொல்லிக் குடுத்தா?” தமிழில்தான் கேட்டான். சண்டைக் குரல் இல்லை.

“யாரும் சொல்லிக் குடுக்கல.”

“நான் சொன்னதையெல்லாம்... ” என்று ஆரம்பித்து நிறுத்தினான். “அதெல்லாம் சும்மா. தமிழ்ல சொன்னது.”

“எனக்கு இருக்கறது அது ஒண்ணுதாங்க” என்றாள் அவள்.

அவள் சொன்னதை அவன் எங்கோ ஆரம்பத்திலிருந்து போட்டுப் பார்ப்பது போலிருந்தது. அவர்கள் பேச்சில் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதை விழுங்கிக்கொண்டான். அந்த மொழியில் அவனுக்கு எல்லாம் இருந்தது. கெஞ்சலும் கொஞ்சலும் வேடிக்கையும். அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வரப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இருட்டறையில் ஸ்விட்சைத் தேடுகிறவன் மாதிரி அவன் தமிழுக்குள் தடவிக்கொண்டிருந்தான். கடையும் சண்டையும் தவிர அங்கே அவன் எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை.

“இருங்க” என்றான். அவளிடம் அவன் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. “ஒரு வாரம் டைம் குடுங்க. கண்டிப்பா சரி பண்ணித் தந்துடறேன்.”

கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதையே சொல்லியிருக்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது. காதுமடல் சிவந்தது. தலையை ஆட்டி அதை அழிக்கப் பார்த்தான். மறுபடி முயன்றான். “கோச்சுக்காதீங்க. உங்களுக்குன்னா நான் பார்த்துத்தான் பண்ணுவேன். வேற எங்கயும் கொண்டு போயிடாதீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டையில் ஏறும்போதே வேறொன்றாக மாறிவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேன் காலையில் வரும். குட்டியின் பெட்டி கட்டி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது. போக வேண்டும், இங்கே நிற்கக் கூடாது என்று நினைத்தாள். கால்கள் வலித்தன. பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. போகவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை.

“அண்ணே, இருக்கீங்களா?”

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. மண் படிந்த செருப்பு, முழங்காலுக்கு மடித்துவிட்ட பேன்ட். வந்தவன் தூக்கிக்கொண்டு வந்த எதையோ தொப்பென்று கீழே வைத்தான். ஒரு தண்ணீர்ப் பம்பு. அதன் வாயிலிருந்து மிச்சத் தண்ணீர் வழிந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்து, தரையின் சரிவில் மெல்ல உள்ளே வரத் தொடங்கியது.

“அண்ணே?”

அவன் வாசல் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சத்தம் இல்லாமல், ஒரு தமிழ் வார்த்தையைப் போட்டுப் பார்த்து, விட்டு, இன்னொன்றை எடுத்து. வெளியே அந்தக் கால்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடையை மாற்றிக்கொண்டு நின்றன. தண்ணீர் தரையில் சிந்தியிருந்த செம்புத் தூளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஒரு கிளை அவன் பக்கமும் ஒரு கிளை அவள் பக்கமுமாகப் பிரிந்து, வெயில் பட்ட இடத்தில் மினுங்கிக்கொண்டு வந்தது.